குனிந்து பார்க்க வேண்டிய ஊர்: தாராசுரம் முதல் சுவாமிமலை வரை சைக்கிளில் ஒரு நாள்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு நான் முதன்முதலில் போனது காரில், அதுவும் பகல் பதினொன்றரை மணிக்கு. கருங்கல் தளம் கொதித்துக்கொண்டிருந்தது. நிழல் விட்டு நிழல் தாவி, கல் தேர்ச் சக்கரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, கருவறைக்கு மேல் எழும் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். பார்த்தாயிற்று என்றுதான் நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கோயிலை நன்கு அறிந்த முதியவர் ஒருவர், "கண்ணப்பரைப் பார்த்தீர்களா? முதலை வாயிலிருந்து பிள்ளை வருகிறானே, அதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது விழித்தேன். அவை இரண்டும் என் இடுப்புக்குக் கீழே இருந்திருக்கின்றன. நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு சைக்கிளில் மட்டுமே போகிறேன். கும்பகோணத்தை ஒட்டி, காவிரியும் அரசலாறும் பாயும் இந்தச் சிறு வட்டத்தில் தாராசுரம், திருவலஞ்சுழி, சுவாமிமலை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கும்பகோணத்தில் கிளம்பி கும்பகோணத்துக்கே திரும்பினால் மொத்தம் ஏறத்தாழ 15, 16 கிலோமீட்டர். நடந்துதான் பார்ப்பேன் என்பவர்கள் தாராசுரத்தோடு ஒரு நாளை முடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம், எந்த நேரம்

தை, மாசிதான் என் தேர்வு. வெயில் மிதமாக இருக்கும். சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் காலை வெளிச்சம் கோயிலின் தென்சுவரில் பக்கவாட்டில் விழும். புடைப்புச் சிற்பத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சம்தான் உயிர். நேர் மேலிருந்து அடிக்கும் உச்சி வெயிலில் அதே சிற்பம் தேய்ந்த நாணயம் போலத் தட்டையாகத் தெரியும்.

ஆற்றில் தண்ணீர் ஓடுவதையும் பார்க்க விரும்பினால் கணக்கு கொஞ்சம் மாறும். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் வழக்கம். நீர்வரத்தைப் பொறுத்து இது முன்பின்னாகும். ஆடிப்பெருக்கையொட்டிப் போனால் படித்துறைகள் களை கட்டியிருக்கும். பங்குனி, சித்திரையில் போனால் மணலைத்தான் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். தாராசுரம் கோயில் தெருமட்டத்தைவிடத் தாழ்ந்து கிடப்பதால் பெருமழை நாள்களில் பிராகாரத்தில் தண்ணீர் தேங்கிவிடும்.

நேரம் என்றால் விடியற்காலைதான், மறுபேச்சில்லை. ஆறரைக்குள் சைக்கிள் கிளம்பிவிட வேண்டும். கும்பகோணம் – தஞ்சாவூர் சாலையில் பஸ்கள் பறக்கத் தொடங்குவதற்குள் தாராசுரத்துக்குள் நுழைந்துவிடுவது உடலுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வரிசை முழுவதும் அந்த இடைவெளியை வீணாக்காமல் அமைத்தது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

சிறிய டார்ச் ஒன்று. இதை மட்டும் மறக்காதீர்கள். நிழலில் இருக்கும் சிற்பத்துக்கு முன்னால் நேராக அடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கத்திலிருந்து அடியுங்கள். மூக்கு, விரல், இடையாபரணம் எல்லாம் திடீரென்று எழுந்து வரும். தண்ணீர், தொப்பி, காகிதமும் பென்சிலும் போதும். வரையத் தெரியாதவர்களும் பென்சில் வைத்திருக்கலாம். ஐந்து கோடு போட முயன்றாலே கண் மெதுவாகிவிடும்.

சைக்கிள் உங்களிடம் இல்லையென்றால் தங்கும் விடுதியில் முதல் நாளே கேட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் டவுன் பஸ் இருக்கிறது. தாராசுரத்திலும் சுவாமிமலையிலும் ரயில் நிலையங்கள் உண்டு, ஆனால் பாசஞ்சர் ரயில்களை நம்பித்தான் அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முந்தைய மாலை: நாகேசுவரன் கோயிலில் கண்ணைப் பழக்குதல்

நேராகத் தாராசுரம் போகாதீர்கள். முந்தைய மாலையே கும்பகோணம் வந்து, ஊருக்கு நடுவில் இருக்கும் நாகேசுவரன் கோயிலுக்கு நடந்து போங்கள். இது முதலாம் ஆதித்த சோழன் காலத்தைச் சேர்ந்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டின் இறுதி. தாராசுரம் 12ஆம் நூற்றாண்டு. இடையில் ஏறத்தாழ 250 ஆண்டுகள் இருக்கின்றன. சோழச் சிற்பத்தின் தொடக்கத்தை மாலையிலும் முதிர்ச்சியை மறுநாள் காலையிலும் பார்ப்பதுதான் திட்டம்.

நாகேசுவரன் கோயில் கருவறையின் வெளிச்சுவரில் மூன்று தேவகோட்டங்களை, அதாவது தெய்வ உருவங்கள் நிற்கும் மாடங்களைப் பாருங்கள். தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே அர்த்தநாரி, வடக்கே பிரம்மன். அவற்றுக்கு இடையில் கிட்டத்தட்ட ஆளுயரத்தில் ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். கையில் ஆயுதம் இல்லை, தெய்வக் குறி எதுவும் இல்லை. அரச குடும்பத்தாரா, கொடையாளர்களா, இராமாயண மாந்தர்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிட அவர்கள் நிற்கும் விதம்தான் பிடிக்கும். யாரோ கூப்பிட்டதும் திரும்பி, பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்கியது போல நிற்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது வெற்றுச் சுவர். உருவத்தைச் சுற்றி நிறைய இடம் விட்டிருக்கிறார்கள். சிற்பி அவசரப்படவும் இல்லை, சுவரை நிரப்பவும் இல்லை. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே குனிந்து அடித்தளத்தில் இருக்கும் சிறு இராமாயணக் காட்சிகளைத் தேடுங்கள். நாளைய வேலைக்கு இதுதான் ஒத்திகை.

காலை: தாராசுரம்

அரசலாற்றுப் பாலத்தைக் கடந்தால் சிறிது தூரத்தில் ஊர் வந்துவிடும். கும்பகோணத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். 2021இல் கும்பகோணம் மாநகராட்சியானபோது தாராசுரமும் அதில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் தெருக்களுக்குள் போனால் அது இன்னும் தனி ஊர்தான். சௌராஷ்டிரர் வீடுகளிலிருந்து பட்டுத்தறிச் சத்தம் கேட்கும்.

ஐராவதேசுவரர் கோயிலை எழுப்பியவன் இரண்டாம் இராசராசன். ஆட்சிக்காலம் 1146 முதல் 1173 வரை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன் வேறு, இவன் வேறு. இந்தக் குழப்பம் வழிகாட்டிப் பலகைகளைத் தாண்டியும் உலவுகிறது. யுனெஸ்கோ 1987இல் தஞ்சைக் கோயிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு தாராசுரத்தையும் அதில் சேர்த்தது. விமானத்தின் உயரம் சுமார் 24 மீட்டர். தஞ்சையோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. பெரிய கோயிலின் பெருமையை அதன் உயரம் சொல்லும். இந்தக் கோயிலின் பெருமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

முதல் படி: வெளியிலேயே நில்லுங்கள். நந்தி, பலிபீடம் அருகே தட்டினால் ஒவ்வொரு சுரம் தரும் என்று பெயர்பெற்ற கற்படிகள் உண்டு. இரும்புக் கம்பி வேலி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். கம்பி இடுக்கில் கையை நுழைத்துக் கல்லால் தட்டிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவராக இருக்காதீர்கள்.

இரண்டாம் படி: உள்ளே நுழைந்ததும் மண்டபத்துக்குள் ஏற வேண்டாம். தென்புறமாகச் சுற்றத் தொடங்குங்கள். இராசகம்பீரன் திருமண்டபம் தேர் போலச் சக்கரங்களோடும் பாயும் குதிரைகளோடும் நிற்பது இங்கேதான். எல்லோரும் படம் எடுக்கும் இடம். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சக்கரத்தின் மேல் காலோ கையோ ஊன்றாதீர்கள். படம் எடுத்து முடித்ததும் மண்டபத்தின் அடிப்பகுதியைச் சுற்றித் தேட ஒரு வேலை தருகிறேன். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் சிறிய சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நேராக அதன் முன் போய் நின்றுவிடுவீர்கள், வழியிலுள்ள ஆடல் மகளிரும் கழைக்கூத்தாடிகளும் யாளிகளும் கண்ணில் படாமலே போய்விடுவார்கள். குழந்தைகளோடு போனால் அவர்களிடம் பொறுப்பை விடுங்கள். உயரம் குறைந்தவர்களுக்கே இந்தக் கோயில் முதலில் தன்னைக் காட்டும்.

மூன்றாம் படிதான் இந்த நாளின் மையம். கருவறை விமானத்தின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், கண்மட்டத்துக்கு நன்றாகக் கீழே, பெரியபுராணக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தென்புறம் தொடங்கி மேற்கு, வடக்கு என்று வலமாகவே பாருங்கள். உட்கார்ந்தால்தான் சரியாகத் தெரியும், ஆகவே கூச்சப்படாமல் தரையில் உட்காருங்கள்.

இவற்றின் அருமை புரிய ஒரு செய்தி தேவை. சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். இந்தக் கோயிலைக் கட்டியது அவன் மகன். அதாவது நூல் எழுதப்பட்ட ஒரு தலைமுறைக்குள்ளேயே அது கல்லுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு இது பழங்கதை இல்லை, நாடெங்கும் பேசப்பட்ட புதிய காப்பியம். அதைக் கேட்டு மயங்கிய ஓர் அவையின் பரவசத்தை இந்தச் சிறு பலகைகளில் பார்க்கிறோம்.

எளிதில் அடையாளம் காணக்கூடியவற்றிலிருந்து தொடங்குங்கள். இலிங்கத்தின் முன் வில்லோடு ஒருவன் தன் கண்ணை அகழ்கிறான் என்றால் கண்ணப்பர். நீர்நிலையில் முதலையும், அதன் வாயிலிருந்து வெளிவரும் சிறுவனும், கரையில் சுந்தரரும் இருந்தால் அது அவிநாசி என்ற ஊரில் நடந்ததாகச் சொல்லும் காட்சி. விழுங்கப்பட்ட பிள்ளை வளர்ந்த சிறுவனாகத் திரும்பி வந்த கதை. கோடரியும் சாய்ந்த பால்குடமும் தெரிந்தால் சண்டேசர் என்று ஊகிக்கலாம். மூன்று காட்சிகளை நீங்களே கண்டுபிடித்துவிட்டால் மற்றவை மெல்லப் பிடிபடும். நாயன்மார் கதைகள் நினைவில் இல்லாதவர்கள் முந்தைய இரவில் பத்துக் கதையாவது படித்துவிட்டு வாருங்கள். கதை தெரியாமல் இந்த வரிசையைப் பார்ப்பது ஒலியை நிறுத்திவிட்டு நாடகம் பார்ப்பதைப் போன்றது.

காட்சிகளோடு எழுத்துப் பொறிப்புகளும் இருக்கின்றன. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது தனி விருந்து. சோழர் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இருக்காது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ட, ப, ம, ய என்று தெரிந்த வடிவங்களைப் பிடித்துக்கொண்டே போனால் திடீரென்று ஒரு சொல் திறக்கும். நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது நாயனார் பெயர்களில் ஒன்றைத்தான். 800 ஆண்டுக்கு முந்தைய கையெழுத்து ஒன்று என்னோடு பேசிவிட்ட மகிழ்ச்சியில் அன்று காலை உணவையே மறந்துவிட்டேன். வடபுறத் திருச்சுற்று மாளிகையிலும் 108 சிவாசாரியர்களின் உருவங்கள் பெயர்ப் பொறிப்புகளோடு இருக்கின்றன. எழுத்துப் பயிற்சியை அங்கும் தொடரலாம்.

நான்காம் படி: தேவகோட்டங்கள். அடித்தளத்திலும் சுவரிலும் சாதாரணக் கருங்கல்லைப் பார்த்துவந்த கண்ணுக்கு, கோட்டங்களில் பளபளப்பான கருநிறக் கல்லில் செதுக்கிய உருவங்கள் தனித்துத் தெரியும். மூன்று முகமும் எட்டுக் கரமும் கொண்ட அர்த்தநாரியைத் தவறவிடாதீர்கள். முந்தைய மாலை நாகேசுவரனில் பார்த்த அர்த்தநாரியை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அங்கே அமைதி, இங்கே ஆற்றல். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் இதை விட்டு நகர மனம் வராது.

சில கோட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்துக் களவு போனதாக முடிவுகட்டிவிடாதீர்கள். இங்கிருந்த கஜசம்ஹாரரும், பிட்சாடனரும் அவரைக் கண்டு மயங்கும் முனிபத்தினியரும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு விசித்திரமான வரலாறு கொண்ட ஒரு துவாரபாலகரும் அங்கே நிற்கிறார். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துவிட்டுக் கொண்டுவந்த வெற்றிப் பொருள் அவர். அந்தச் செய்தி அவரது பீடத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. பகைவர் நாட்டுச் சிற்பியின் கைவேலை பல காலம் தாராசுரத்தில் இருந்தது. தஞ்சை போகும்போது மறக்காமல் பாருங்கள். தமிழ்நாட்டுத் துவாரபாலகர்களிடமிருந்து அவர் எவ்வளவு வேறுபட்டவர் என்பது பார்த்தவுடன் தெரியும்.

ஐந்தாம் படி: இப்போது இராசகம்பீரன் மண்டபத்துக்குள் ஏறலாம். வெளியே வெயில் ஏறியிருக்கும், உள்ளே குளிர்ச்சி. தூண்களின் சதுரங்களில் காமன் எரிந்தது, உமையின் தவம், திருமணம், முருகன் பிறப்பு எனக் கதை ஓடுகிறது. எல்லாத் தூணையும் பார்க்க முயன்றால் எதுவும் தங்காது. இரண்டு தூணைத் தேர்ந்தெடுத்து நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள். தலைக்கு மேலே விதானத்தையும் ஒருமுறை பாருங்கள். இந்தக் கோயிலில் நான் அண்ணாந்து பார்க்கச் சொல்வது அதற்கு மட்டும்தான்.

பக்கத்தில் தனிக்கோயிலாகப் பெரியநாயகி அம்மன் சந்நிதி இருக்கிறது. கூட்டம் குறைவு. பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

கையால் தடவிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். ஒரு நாளில் நூறு பேர் தடவினால் உளி விட்டுச்சென்ற கூர்மை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். விபூதி, குங்குமம் பூசுவதும் எண்ணெய் விடுவதும் வழிபாட்டுக்குரிய இடத்தில் மட்டும் நடக்கட்டும், புடைப்புச் சிற்பத்தில் வேண்டாம்.

முற்பகல்: திருவலஞ்சுழி

பத்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். மேற்கே நான்கு கிலோமீட்டர் போல மிதிக்க வேண்டும். காவிரி வலமாகச் சுழித்த இடம் என்பதால் இந்தப் பெயர். இங்கே பெரும்பாலோர் வருவது வெள்ளைப் பிள்ளையாருக்காக. பாற்கடல் நுரையால் ஆனவர் என்பது ஐதிகம், ஆகவே நீராட்டு இல்லை, பச்சைக் கற்பூரப் பொடி மட்டும்தான்.

சிற்பம் தேடி வருபவர்களுக்கு இங்கே ஒரே ஒரு பொருள் போதும்: கல் பலகணி, அதாவது துளையிட்ட கல் சன்னல். கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும் ஸ்தபதிகள், "திருவலஞ்சுழி பலகணியும் ஆவுடையார்கோயில் கொடுங்கையும் நீங்கலாக" மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். கொடுங்கை என்பது வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பு. அந்தப் பலகணியின் முன் நின்றால் அவர்கள் தயங்கியதன் காரணம் விளங்கும். கல்லில் துளை போடுவது பெரிதில்லை. துளைக்கும் துளைக்கும் நடுவே மெலிந்து நிற்கும் கல் உடையாமல் இருக்க வேண்டுமே. ஓர் அடி தவறினாலும் பலகை முழுவதும் போச்சு.

வளாகத்திலேயே முதலாம் இராசராசனின் பட்டத்தரசி உலோகமாதேவி எடுத்த க்ஷேத்திரபாலர் கோயிலும் உண்டு. பெரும்பாலோர் திரும்பியும் பார்ப்பதில்லை.

நண்பகல்: சுவாமிமலையின் வார்ப்புக்கூடங்கள்

பிற்பகலில் கோயில்கள் சாத்தியிருக்கும் நேரம்தான் வார்ப்புக்கூடங்களுக்குப் போக ஏற்றது. திருவலஞ்சுழியிலிருந்து ஆற்றைக் கடந்து இரண்டு கிலோமீட்டர் போல மிதித்தால் சுவாமிமலை. பாலத்தில் ஒரு நிமிடம் சைக்கிளை நிறுத்துங்கள். கீழே கரையோரம் படிந்திருக்கும் மென்மையான வண்டல்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டது. தாராசுரம் கோயில் வேலைக்கு வந்த சிற்பிகளின் வழியினர் தாங்கள் என்று இங்குள்ள ஸ்தபதிகள் சொல்கிறார்கள். இங்கேயே தங்கிவிட்டதற்கு இந்த மண் ஒரு காரணம். விரல் ரேகையைக்கூட வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நயமானது அது.

கூடத்துக்குள் போகுமுன் அனுமதி கேளுங்கள். "வேலை பார்க்கலாமா ஐயா?" என்றால் பெரும்பாலும் உட்காரச் சொல்வார்கள். நீங்கள் போகும் நாளில் வார்ப்பு நடக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் ஏதாவது ஒரு கட்டம் நடந்துகொண்டிருக்கும். முறை தெரிந்திருந்தால் எந்தக் கட்டத்தையும் புரிந்துகொள்ளலாம்.

முதலில் அளவு. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கை வெட்டி, அதையே மடித்து மடித்துத் தாளக் கணக்கைப் பிரிக்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். அதன் மடங்குகளில் உடல் அமையும். அடுத்து மெழுகு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்த கலவையில் உருவத்தைச் செய்கிறார்கள். கை, கால், முடி, ஆயுதம் தனித்தனியே செய்து, சூடான கருவியால் ஒட்டுவார்கள். பிறகு மண் பூச்சு. முதல் பூச்சு அந்த வண்டல். அது மெழுகின் ஒவ்வொரு கோட்டையும் பிடித்துக்கொள்ளும். மேலே மணல் கலந்த தடித்த பூச்சுகள், இரும்புக் கம்பிக் கட்டு. உலர்ந்ததும் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெறும் இடம். அந்த வெறுமைக்குள் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஐம்பொன் என்றாலும் பெரும்பங்கு செம்புதான். பித்தளையும் ஈயமும் சேரும், வெள்ளியும் பொன்னும் சிறிதளவே.

ஆறியதும் அச்சை உடைப்பார்கள். ஓர் அச்சில் ஒரு சிலைதான், இரண்டாவது கிடையாது. வெளிவரும் உருவம் கரடுமுரடாக இருக்கும், பிறகுதான் உளியும் அரமும். பார்ப்பவர்களுக்கு நெருப்பு ஊற்றும் காட்சிதான் கவர்ச்சி. எனக்கோ செதுக்கும் கட்டம். ஒரு விரல் நகத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மனிதரைப் பார்த்தேன். காலையில் தாராசுரத்து அடித்தளத்தில் பார்த்த பொறுமை இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வாங்க நினைத்தால்: புதிய சிலைகளைப் பில்லோடு வாங்குங்கள். பழைய சிலை, தோண்டியெடுத்தது என்று யாராவது காதில் சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே வெளியேறுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வது குற்றம். புதிய சிலையையே வெளிநாடு கொண்டுபோவதானாலும், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழை வைத்திருப்பது நல்லது. 'சுவாமிமலை வெண்கலச் சிலைகள்' புவிசார் குறியீடு பெற்றவை. வாங்கப் போவதில்லை என்றால் விலை கேட்டு அவர்கள் நேரத்தை வீணாக்காமல், பார்க்க மட்டும் வந்தேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மாலை: அறுபது படிகள்

நான்கு மணிக்கு மேல் சுவாமிநாதன் கோயில். அறுபடை வீடுகளில் நான்காவது. மகன் தந்தைக்குப் பிரணவப் பொருள் சொன்ன இடம். அறுபது படிகளும் தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒன்றாக எண்ணப்படுகின்றன. நீங்கள் பிறந்த ஆண்டின் பெயர் தெரிந்தால் உங்கள் படியில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகலாம்.

மேலே ஏறியதும் முருகனுக்கு எதிரே பாருங்கள். மயில் இருக்க வேண்டிய இடத்தில் யானை நிற்கிறது. இந்திரன் கொடுத்த ஐராவதம் என்கிறார்கள். காலையில் நாம் பார்த்த தாராசுரத்தில் சிவனை வழிபட்டுத் தன் வெண்ணிறத்தைத் திரும்பப் பெற்றதும் இதே யானைதான். அதனால்தான் அங்கே ஐராவதேசுவரர். சைக்கிளில் நாம் வந்த வழியை யானை நமக்கு முன்பே கடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று கால் வலி கொஞ்சம் குறைந்தது.

கும்பகோணம் திரும்ப ஆறு கிலோமீட்டர் போல இருக்கும். இருட்டுவதற்குள் கிளம்புங்கள், பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் ஏதாவது ஒரு படித்துறையில் இறங்கிக் காலை நனைக்கலாம், தண்ணீர் இருந்தால்.

இன்னொரு நாள் மிச்சமிருந்தால் தாராசுரத்துக்குத் தெற்கே பழையாறை, பட்டீசுவரம் பக்கம் போங்கள். சோழர்களின் இரண்டாம் தலைநகரம் இருந்த மண் அது. முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், அங்கே இராமநாதன் கோயிலில் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே போகும் குறுகிய சாலை, பஸ் தொல்லை இல்லை. ஆனால் வழி கேட்டுக்கேட்டுத்தான் போக வேண்டும்.